பாரிஸ் போன சைக்கிள் பெட்டி: மஞ்சக்குப்பத்தில் கட்டியதும் வெர்சாயில் கட்டியதும்

பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்ட ஆசைப்படும் நம் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் பயிற்சி, தூக்கம், சாப்பாடு பற்றித்தான். சைக்கிளை விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்வி டிக்கெட் போட்ட பிறகுதான் வருகிறது. அப்போது தேட ஆரம்பித்தால், கிடைத்த பெட்டியில் அடைத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். 2023-இல் கடலூரிலிருந்து நான் கொண்டுபோன பெட்டி போகும்போது ஓரளவு தாங்கியது. திரும்பும்போதுதான் அதன் குறையெல்லாம் தெரிந்தது. அந்த அனுபவத்தை வைத்து இப்போது புதிதாக ஒன்று செய்து முடித்திருக்கிறேன். அடுத்த சவாரி 2027-இல் வருகிறது. அதற்குப் போகிறவர்கள் இப்போதிருந்தே பெட்டியைப் பற்றி யோசிக்கட்டும் என்று அளவு, எடை, செலவோடு எழுதி வைக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்ற இந்த நீண்ட தூரச் சைக்கிள் சவாரி 1891-இல் பந்தயமாகத் தொடங்கியது. இன்று முதலில் வந்தவருக்குப் பரிசு கிடையாது, கெடு மட்டும்தான். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 2023-இல் ஆகஸ்ட் 20-ஆம் தேதி பாரிஸுக்குத் தென்மேற்கே உள்ள ராம்பூயே என்ற ஊரில் கிளம்பி, அட்லாண்டிக் கரையில் இருக்கும் பிரெஸ்ட் போய்த் திரும்பினோம். சுமார் 1,220 கிலோமீட்டர். பெரும்பாலானவர்கள் எடுப்பது 90 மணி நேரக் கெடு. பதிவு செய்ய அதே ஆண்டில் 200, 300, 400, 600 கிலோமீட்டர் சவாரிகளைக் கெடுவுக்குள் முடித்திருக்க வேண்டும்.

பெட்டியின் அளவை மூன்று விஷயங்கள் தீர்மானித்தன. முதலாவது விமானம். என் டிக்கெட்டில் 23 கிலோ வீதம் இரண்டு உருப்படி. சைக்கிள் அதில் ஒன்றாகக் கணக்கு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 300 செ.மீ. தாண்டக் கூடாது. இது விமானத்துக்கு விமானம் மாறும். டிக்கெட் போடும் முன்பே கேட்டு, மின்னஞ்சலில் பதில் வாங்கி, அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் இருப்பவருக்கு எல்லா விதியும் மனப்பாடமாக இருக்க வேண்டியதில்லை. காகிதத்தைக் காட்டினால் இரண்டு பேருக்கும் நிம்மதி.

இரண்டாவது, மாமாவின் கார். அம்மா வழியில் தூரத்துச் சொந்தமான அவர் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரர். அவருடைய அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பம். இப்போது வெர்சாய் பக்கம் குடியிருக்கிறார்கள். விமான நிலையத்துக்கு வந்து அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டார். ஆனால் அவரிடம் இருப்பது சின்னக் கார். பின் சீட்டை மடக்கி, இன்ச் டேப் வைத்து அளந்து படம் அனுப்பச் சொன்னேன். தரையில் நீளம் 122 செ.மீ., கதவுத் திறப்பின் அகலம் 90 செ.மீ. அவ்வளவுதான் இடம். சைக்கிளை இங்கே ஏற்றுவதைப் பற்றி நாம் யோசிக்கிறோம், அங்கே யார் வண்டியில் இறங்கி ஏறப்போகிறது என்பதையும் அளந்துவிடுவது நல்லது. மூன்றாவது, எடை. அதற்குப் பிறகு வருகிறேன்.

கடினமான பிளாஸ்டிக் கேஸ் வாங்கலாமா என்று பார்த்தேன். நல்லதாக இருந்தவை நாற்பதாயிரத்துக்கு மேல் போயின. பத்து கிலோவுக்கு மேல் எடை. 23-இல் பத்து கேஸுக்கே போய்விட்டால், பதினொரு கிலோ சைக்கிளைப் போட்ட பிறகு ஹெல்மெட்டுக்குக்கூட இடம் இருக்காது. கூரியரில் முன்னதாக அனுப்புவதையும் விசாரித்தேன், கட்டுப்படியாகவில்லை. அட்டைப் பெட்டிதான் என்று முடிவானது.

முதல் முயற்சி, புதுச்சேரி சைக்கிள் கடையில் புது வண்டி வந்து இறங்கிய பெட்டி. கேட்டால் நூறு ரூபாய்க்குக் கொடுத்துவிடுவார்கள். 140 செ.மீ. நீளம், 20 அகலம், 78 உயரம். பின் சக்கரத்தைக் கழற்றாமலே வைக்கலாம் என்பது பெரிய வசதி. அடியில் பலம் வேண்டும் என்று 6 மி.மீ. பிளைவுட் வெட்டிப் போட்டேன். எல்லாவற்றையும் உள்ளே வைத்து, மஞ்சக்குப்பத்தில் தெரிந்தவருடைய அரிசி மண்டி எடைமேடையில் ஏற்றினால் 25.3 கிலோ. மாமா காரிலும் அது நுழையாது. பின் சக்கரம் உள்ளேயே இருந்ததால் பின் கியரை மாற்றும் ரியர் டீரெய்லர் அட்டையை ஒட்டி நின்றது, பக்கவாட்டில் ஓர் இடி வாங்கினால் அதை ஃபிரேமோடு பிடிக்கும் ஹேங்கர் வளைந்துவிடும். அந்தப் பெட்டியை விட்டுவிட்டேன்.

பிறகு தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் அட்டைப் பெட்டி செய்யும் ஓர் இடத்துக்குப் போய், ஏழு பிளை (அடுக்கு) அட்டையை ஷீட்டாகவே வாங்கினேன். இரண்டு ஷீட் 700 ரூபாய். வீட்டில் வெட்டி, மடித்துச் செய்தது 118 செ.மீ. நீளம், 28 அகலம், 76 உயரம். கூட்டினால் 222. ஷீட்டை வெட்டிக் கொடுத்த அண்ணன் ஒரு விஷயம் சொன்னார்.

"தம்பி, உள்ள வரிவரியா ஓடுது பாரு, அது நின்ன மாதிரி இருக்கணும். படுத்த மாதிரி வெட்டினா மேல பத்து கிலோ வச்சாலே மடங்கிடும்."

அதன்படி வரி செங்குத்தாக வரும்படி வெட்டினேன். விமானத்தில் நம் பெட்டி மேல் இன்னொரு பெட்டி ஏறும். அந்தச் சுமையைத் தாங்குவது இந்த வரிதான்.

மேலிருந்து வரும் சுமைக்கு அது போதும். பக்கத்திலிருந்து வரும் அழுத்தத்துக்கு வேறு வழி வேண்டும். முக்கால் இன்ச் பிவிசி பைப்பை உள் அகலத்துக்குச் சரியாக நான்கு துண்டு வெட்டினேன். ஒவ்வொன்றையும் பெட்டியின் இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவே குறுக்காக நிறுத்தி, உள்ளே த்ரெட் ராடு (மரை போட்ட கம்பி) விட்டு, வெளியே அகலமான வாஷர் போட்டு நட்டு முடுக்கினேன். ஃபிரேமின் முக்கோணத்துக்குள்ளே இரண்டு, சக்கர ஸ்போக்குகளின் நடுவே இரண்டு. மொத்தத்தில் நான் செய்தவற்றிலேயே மிகவும் பயன்பட்டது இதுதான். பெட்டியின் மேல் ஒருவர் உட்கார்ந்தாலும் சுவர் உள்ளே குழியவில்லை.

இனிப் பிரிப்பது. பெடலில் தொடங்கினேன், அதுதான் அதிக நேரம் பிடித்தது. தேவனாம்பட்டினம் கடற்காற்று படும் வீட்டில் இருக்கும் சைக்கிளில் கிராங்க் மரையில் உப்பு ஏறிப் பிடித்துக்கொள்கிறது. வலது பெடல் சாதாரண மரை, இடது பெடல் எதிர் மரை. குழம்பாமல் இருக்க ஒரே வழி: ஸ்பானரை மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, பின் சக்கரம் இருக்கும் பக்கமாகத் தள்ளினால் இரண்டு பெடலும் கழலும். 15 மி.மீ. ஸ்பானரில் ஒன்றரை அடி இரும்புக் குழாயைச் செருகித் தள்ளியும் வலது பெடல் அசையவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தேன், பயனில்லை. துரு கரைக்கும் எண்ணெய் அடித்து ஓர் இரவு விட்ட பிறகுதான் வந்தது. கழற்றிய மரையைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, கிரீஸ் தடவி மாட்டினேன். இந்த வேலையைப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே செய்துவிட வேண்டும். கிளம்புவதற்கு முந்தைய இரவு இப்படி ஒரு பெடல் பிடித்துக்கொண்டால் வழியே இல்லை.

சீட் போஸ்ட்டைக் கழற்றும் முன் ஃபிரேமின் விளிம்பில் இன்சுலேஷன் டேப் சுற்றி உயரத்தைக் குறித்தேன். ஹேண்டில்பாரின் சாய்வுக்கும் அப்படியே, அதைப் பிடித்திருக்கும் ஸ்டெம் ஓரத்தில் வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு. ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டும்போது சீட் நான்கு மி.மீ. மாறினாலும் முழங்கால் சொல்லிவிடும்.

சக்கரங்களை எடுத்த பிறகு ஃபோர்க்கும் பின்பக்கக் கால்களும் வெறுமையாக நிற்கும். அழுத்தம் பட்டால் உள்ளே சாய்ந்துவிடும். அரை இன்ச் பிவிசி பைப்பில் 100 மி.மீ. துண்டு வெட்டி, ஃபோர்க் நடுவே வைத்து, 12 மி.மீ. ஆக்சிலையே அதன் வழியாக விட்டுத் திருகினேன். பின்பக்கம் 142 மி.மீ. என்று வெட்டியது நுழையவில்லை. ஆக்சில் உட்காரும் டிராப்அவுட்டின் உள்பக்கம் ஹப் முனை உட்கார ஒவ்வொரு பக்கமும் மூன்றரை மி.மீ. குழி இருக்கிறது. பைப் தடிமனாக இருப்பதால் அந்தக் குழிக்குள் போகாது. 135-ஆக வெட்டியதும் கச்சிதமாக நின்றது.

ரியர் டீரெய்லரை 5 மி.மீ. ஆலன் கீயால் கழற்றி, கேபிளை எடுக்காமலே குமிழித் தாளில் சுற்றி, பின் முக்கோணத்துக்குள் கட்டினேன். ஹேங்கரையும் கழற்றிச் சின்ன டப்பாவில் போட்டேன். இன்னொரு ஹேங்கர் 900 ரூபாய்க்கு வாங்கி வைத்துக்கொண்டேன். ஹேங்கர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வேறு வேறு வடிவம். பிரான்சில் கடை கடையாக ஏறி இறங்கினாலும் நம் ஃபிரேமுக்கு உரியது கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

என் பிரேக் கேபிளில் இயங்கும் டிஸ்க். ஹைட்ராலிக் வைத்திருப்பவர்கள் சக்கரத்தை எடுத்ததும் இரண்டு பிரேக் பேடுக்கும் நடுவே பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகிவிட வேண்டும். பெட்டிக்குள் லீவர் தெரியாமல் அழுந்தினால் பிஸ்டன் வெளியே வந்து மூடிக்கொள்ளும், பிறகு ரோட்டர் (பிரேக் கவ்வும் தகடு) உள்ளே போகாது. டயரில் காற்றை முழுதாக இறக்கச் சொல்வார்கள். சரக்கு அறையிலும் காற்றழுத்தம் பராமரிக்கப்படுகிறது, டயர் வெடிக்காது. ஆனாலும் விதி என்று கேட்டால் காட்ட வேண்டுமே என்று 20 பிஎஸ்ஐ மட்டும் விட்டுவைத்தேன். அது ரிம்முக்கும் மெத்தை.

மெத்தைக்கு முதலில் முதுநகர் துறைமுகத்தில் மீன் அனுப்பும் தெர்மகோல் பெட்டிகளின் மூடிகளைக் கழுவிக் காயவைத்து வெட்டினேன். வாடையை விடுங்கள், ஒரு தடவை ஆட்டியதுமே உருண்டை உருண்டையாக உதிர்ந்து செயினில் ஒட்டிக்கொண்டது. ஏசி மெக்கானிக்குகள் செம்புக் குழாய் மேல் போடும் கறுப்பு ஃபோம் குழாய்தான் சரிப்பட்டது. ஆறடித் துண்டுகள் ஐந்து வாங்கினேன், 450 ரூபாய். ஒருபக்கம் நீளவாக்கில் கீறி ஃபிரேமின் மேல் மாட்டினால் தானாகக் கவ்விக்கொள்கிறது. எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் கெடுவதில்லை. கிராங்க் பல்சக்கரம் தரையில் படாமலிருக்க, அடியில் பத்து செ.மீ. உயரத்துக்குக் கெட்டியான ஃபோம் கட்டை.

பெட்டியில் எதை வைக்கக் கூடாது என்பதும் முக்கியம். ஸ்பிரே டின் கூடாது. காற்றடிக்கும் கேஸ் குப்பிகளுக்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். நான் அந்தச் சிக்கலே வேண்டாம் என்று கைப்பம்ப் எடுத்துப்போனேன். லைட்டுக்கான உபரி பேட்டரிகளும் பவர் பேங்க்கும் கைப்பையில்தான் வர வேண்டும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட் மணி, 100-க்குக் கீழே என்பதால் தடையில்லை. தின்பண்டத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால், இறைச்சிப் பொருட்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுபோக முடியாது. பால்கோவா, நெய்ப் பலகாரமெல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். பண்ருட்டி வறுத்த முந்திரியும் கடலை மிட்டாயும் போயின, இரண்டும் மூன்றாம் நாள் காலையில் என்னைக் காப்பாற்றின.

மறுபடி அரிசி மண்டி. சைக்கிள் 11.4, பெட்டி 4.6, மெத்தையும் பைப்பும் 1.2. மீதியில் ஹெல்மெட், ஷூ, கருவிகள், மழைக்கோட்டு. மொத்தம் 22.7 கிலோ. மண்டித் தராசில் 22.7 என்றால் விமான நிலையத்தில் அரை கிலோ கூடலாம் என்று ஷூவை எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டேன்.

பஸ்ஸில் டிக்கியில் போடலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். விழுப்புரத்தில் ஒரு மூட்டை ஏறினால் பெட்டி அடியில் போய்விடும். ஒருவழி டாக்ஸியில் இன்னோவா எடுத்து, டோல், பேட்டா எல்லாம் சேர்த்து 4,300 ரூபாய் ஆனது. சென்னை விமான நிலையத்தில் செய்ய வேண்டிய முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. பெட்டியைக் கொடுப்பதற்கு முன் சுங்கத் துறையிடம் போய், இந்தச் சைக்கிளை இங்கிருந்துதான் கொண்டுபோகிறேன் என்று ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் திரும்பும்போது வெளிநாட்டில் வாங்கியதா என்ற கேள்வி வரலாம். வாங்கிய பில், புகைப்படங்கள், ஃபிரேம் எண் வேண்டும். என் ஃபிரேமில் எண் பெடல் அச்சுக்கு அடியில் இருக்கிறது. இதற்காகவே பெட்டியின் பக்கச் சுவரில் பத்து செ.மீ. சதுரத்துக்கு மூன்று பக்கம் கீறி ஒரு ஜன்னல் வைத்திருந்தேன். ஃபோனை உள்ளே விட்டுப் படமெடுத்து எண்ணைக் காட்டினேன். முழுப் பெட்டியையும் பிரிக்காமல் வேலை முடிந்தது. இரவில் அங்கே அதிகாரி வர நேரமாகலாம், ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள்.

பாதுகாப்புச் சோதனையில் மேல் மூடியைத் திறக்கச் சொன்னார்கள். திறந்ததில் ஒட்டியிருந்த பிரவுன் டேப் அட்டையின் மேல் தாளையும் உரித்துக்கொண்டு வந்தது. டேப் உருளையை மேலாகவே வைத்திருந்ததால் மறுபடி ஒட்ட முடிந்தது.

இடையில் விமானம் மாறிய ஊரில் மழை. பாரிஸில் பெட்டி வந்தபோது அடிப்பக்கம் முழுதும் நனைந்து, ஒரு மூலை கிழிந்து தொங்கியது. குறுக்கு பைப்புகள் மட்டும் அப்படியே நின்றன. மாமா வீட்டில் போய்ப் பிரித்துப் பார்த்தால் ஃபிரேம், ஃபோர்க், டீரெய்லர் எல்லாம் சரி. முன் சக்கரத்தை மாட்டிச் சுற்றினால் மட்டும் 'சர்… சர்…' என்று ஒவ்வொரு சுற்றிலும் உரசல். ரோட்டர் வளைந்திருந்தது. சக்கரத்தை டிஸ்க் வெளிப்பக்கம் பார்க்க வைத்திருந்தேன், அட்டைக்கும் அதற்கும் நடுவே ஒரு தாள் ஃபோம்தான்.

பிரேக்குக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்து, பேடுக்கும் ரோட்டருக்கும் இடையே தெரியும் வெளிச்சக் கோட்டைப் பார்த்துக்கொண்டே சக்கரத்தை மெல்லச் சுற்றினேன். கோடு எங்கே மறைகிறதோ அங்கே மார்க்கரால் புள்ளி. மாமாவின் அட்ஜஸ்டபிள் ஸ்பானரின் வாயில் துணி சுற்றி, அந்த இடத்தைக் கவ்வி, எதிர்ப்பக்கம் மயிரிழை நெட்டினேன். மறுபடி சுற்று, மறுபடி பார். அவசரப்பட்டு ஒரே நெட்டில் நிமிர்த்தப் பார்த்தால் இன்னொரு பக்கம் வளையும். ராத்திரி சாப்பாட்டுக்கு முன் உரசல் நின்றது. ரோட்டரைத் தொட்டால் கை எண்ணெய் படும், துணியால் மட்டும் பிடியுங்கள்.

ஹேங்கரை மாட்டி கியர் சரிபார்த்தேன், எல்லாப் பல்லிலும் சுத்தமாக விழுந்தது. ஸ்டெம் போல்ட்டுகளைச் முறுக்கும் அளவைக் காட்டும் சின்ன டார்க் கீயால் 5 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கினேன். மறுநாள் வெர்சாயிலிருந்து ராம்பூயேவுக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல், ஓட்டியே போனேன். கிளம்பும் முன் சைக்கிளைச் சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல வழியில்லை. வலப்பக்கச் சாலைப் பழக்கமும் அதிலேயே வந்துவிட்டது. அங்கே அரண்மனைத் தோட்டத்துக்குள் இருக்கும் பழைய அரசு ஆட்டுப் பண்ணையில்தான் சைக்கிள் சோதனை. லைட், பிரேக் பார்த்து அனுப்பினார்கள்.

சவாரியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே பெட்டிக்குச் சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்கிறேன். சைக்கிள் ஒரு குறையும் வைக்கவில்லை. கை வைத்தது. பிரெஸ்ட் தாண்டித் திரும்பிய இரவில் இரண்டு கையிலும் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போயின. உள்ளங்கையின் அடியில், ஹேண்டில்பாரை அழுத்தும் இடத்தில் ஓடும் நரம்பு மணிக்கணக்காக நசுங்குவதால் இது வருகிறது. நீண்ட தூரம் ஓட்டுபவர்களுக்குப் பழக்கமான ஒன்றுதான். லூதேயாக் என்ற ஊரைத் தாண்டிய பிறகு முன் கியரை விரலால் மாற்ற முடியாமல் உள்ளங்கையால் தள்ளினேன். 90 மணிக் கெடுவுக்குள் ராம்பூயே வந்து சேர்ந்தேன். அந்தச் சாலையோரக் கிராமத்து மக்கள் நடுராத்திரியில் காப்பி ஊற்றிக்கொடுத்த முகங்கள் இன்னும் நினைவில் இருக்கின்றன.

இரண்டு நாளில் விமானம். பெட்டி மாமாவின் அடுக்கு வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறையில் இருந்தது. நனைந்த அடிப்பக்கம் அங்கே இருந்த ஈரத்தில் இன்னும் தளர்ந்திருந்தது. ஒரு மின்சாதனக் கடையில் டிவி பெட்டி அட்டை கேட்டு வாங்கி அடியில் இரட்டையாக ஒட்டினோம். அது சுலபம். சைக்கிளைப் பிரிக்க உட்கார்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஆலன் கீயை விரல் பிடிக்கிறது, திருக வலு வரவில்லை. ஹேங்கரின் சின்ன போல்ட்டுகளுக்கு வேண்டிய 2.5 மி.மீ. கீ கையில் இருப்பதே தெரியவில்லை. கேபிள் டையை இழுக்க இரண்டு விரலால் இறுக்கிப் பிடிக்க வேண்டும், அதுவும் இல்லை. ரோட்டரைக் கழற்றிவிடலாம் என்று திட்டமிட்டிருந்தேன், ஒரு சக்கரத்துக்கு ஆறு டி25 (நட்சத்திரக் குழி) போல்ட். அதை நினைக்கவே முடியவில்லை.

மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "மாப்ளே, நீ கைய வச்சிக்கிட்டு சும்மா இரு. எதை எப்படிக் கழட்டணும்னு வாயால சொல்லு, போதும்."

எழுபதை நெருங்கும் அவரைக் கஷ்டப்படுத்த வேண்டியிருந்தது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அன்று சில வழிகள் கண்டுபிடித்தோம். பெடலுக்குக் கை வேண்டாம். கிராங்க்கைப் பின்பக்கக் குழாயோடு சேர்த்துப் பெல்ட்டால் கட்டி, சைக்கிளை மாமா பிடித்துக்கொள்ள, ஸ்பானரைப் படுக்கைவாட்டில் மாட்டிக் காலால் மிதித்தேன். ஊரில் தடவிய கிரீஸ் உதவியது, உடனே வந்தது. ஹேங்கரைக் கழற்றாமல் விட்டு, டீரெய்லரை மட்டும் எடுத்து, ஹேங்கரைச் சுற்றி இரண்டு அடுக்கு அட்டை கட்டினோம். ரோட்டருக்கு அத்தை ஒரு வழி சொன்னார். பெரிய தயிர் டப்பாவின் மூடி 16 செ.மீ. ரோட்டரை முழுதாக மூடியது. நடுவில் ஹப் முனைக்கு ஓட்டை வெட்டி, மேலே டேப் ஒட்டி, டிஸ்க் உள்பக்கம் பார்க்க வைத்தோம். கேபிள் டைக்குப் பதில் துணி கிழித்து முடிச்சு, அதைப் பேத்தி போட்டாள்.

கடலூரில் பெட்டியைத் திறந்தபோது இரண்டு ரோட்டரும் நேராக இருந்தன. ஹேங்கரைச் சோதிக்க, பழைய ரோடு சைக்கிள் சக்கரம் ஒன்றின் 10 மி.மீ. பின் ஆக்சிலை ஹேங்கர் மரையிலேயே திருகி, அந்தச் சக்கரமும் நம் சக்கரமும் எங்கும் ஒரே இடைவெளியில் நிற்கின்றனவா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். இரண்டுக்கும் மரை ஒன்றே என்பதால் ஹேங்கர் நேராக இருக்கிறதா என்று அளக்கும் கேஜ் இல்லாமலே இது முடியும். ஒரு மி.மீ. கூட வித்தியாசமில்லை. மரத்த விரல்கள் சரியாகி, சட்டைப் பொத்தானைப் பழையபடி போடப் பல வாரங்கள் ஆயின.

அட்டை, ஃபோம், பைப், த்ரெட் ராடு, வாஷர், டேப், உபரி ஹேங்கர் எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்தது. விசாவுக்கு அப்போது 80 யூரோ, அதற்கு மேல் சேவைக் கட்டணம். ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். விண்ணப்பத்தில் சவாரிப் பதிவுக் கடிதத்தோடு சைக்கிள் பில்லின் நகலையும் சேர்த்துவிட்டேன்.

இப்போது செய்த புதிய பெட்டியின் அடிப்படை இதுதான்: கிளம்பும்போது இருக்கும் கையை நம்பிக் கட்டக் கூடாது, ஓட்டி முடித்த கையை நினைத்துக் கட்ட வேண்டும். அட்டைக்குப் பதில் விளம்பரப் பலகைக் கடைகளில் விற்கும், உள்ளே பொந்து பொந்தாக இருக்கும் 5 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட். மழைக்கும் நிலவறை ஈரத்துக்கும் பயமில்லை, எடை 4.1 கிலோ. மூடிக்கு டேப் இல்லை, பெரிய கொக்கி வைத்த இரண்டு லக்கேஜ் பெல்ட். கேபிள் டை ஒன்றுகூட இல்லை, எல்லாம் ஒரு இன்ச் அகல வெல்க்ரோ பட்டை, இழுக்கும் முனையில் விரல் நுழையும்படி வளையம் தைத்திருக்கிறேன். ஆலன் கீகளுக்குப் பதில் டி வடிவக் கைப்பிடி வைத்த 4, 5, 6 மி.மீ. மூன்று, உள்ளங்கையால் திருகலாம். இரண்டு ஆக்சிலையும் லீவர் உள்ளதாக மாற்றிவிட்டேன். ரோட்டருக்கு நாலு லிட்டர் பெயிண்ட் டப்பா மூடிகள், தயிர் டப்பாவைவிடக் கெட்டி.

சோதித்துப் பார்க்க, இரண்டு கையிலும் சுண்டு விரலையும் மோதிர விரலையும் மடக்கி டேப்பால் ஒட்டிக்கொண்டு முழு சைக்கிளையும் பிரித்துக் கட்டினேன். பெடல், சக்கரம், டீரெய்லர், மூடி எல்லாம் யார் உதவியும் இல்லாமல் முடிந்தது. ஹேண்டில்பாரைப் பிடிக்கும் நான்கு சின்ன போல்ட்டுகளில் மட்டும் திணறல். அவற்றைத் தொடாமல் ஸ்டெம்மோடு சேர்த்துக் கழற்றினால் 5 மி.மீ. போல்ட் இரண்டும் ஸ்டெம்மின் மேல் மூடியும் போதும். அப்படிச் செய்து பார்த்தேன், பின் பிரேக் கேபிள் நான்கு செ.மீ. எட்டவில்லை. அடுத்த முறை கேபிள் மாற்றும்போது அவுட்டரை (கேபிளின் வெளி உறையை) ஐந்து செ.மீ. நீளமாக வெட்டச் சொல்லியிருக்கிறேன்.